மூன்று முறை கூப்பிட்ட பெயர்

1

கோர்ட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதில் கிடைத்த கதை இது. அமெரிக்காவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே வண்டியைக் கொஞ்சம் விரட்டிவிட்டேன். ஷெரீப்பின் போலீஸ் ஆள் மடக்கி, டல்லி கவுண்டி, அதாவது மாவட்ட, கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டான். என் முறைக்காகக் காத்திருந்தபோது டவாலி எழுந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. வராந்தாவுக்குப் போய் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். “ஆஜராகலை. பிடிவாரண்ட்,” என்றார் நீதிபதி, தலையைக்கூட நிமிர்த்தாமல். அடுத்த பெயர் என்னுடையது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வராத ஆசாமி ஆணா பெண்ணா, திமிர் பிடித்தவரா, தூங்கிப்போனவரா, ஒன்றும் தெரியாது. பெயரையும் மாற்றிவிட்டேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. வருத்தம் மட்டும் நிஜம். இல்லையென்றால் எனக்கென்ன தலையெழுத்தா, இதை உட்கார்ந்து எழுத?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “வெர்னா ஸ்டிடம் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தாள்.”

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவள், ஐம்பத்தைந்து வயதில் எங்கே ஓடுவாள்?

பிறகு: “எரியாத ஒரு பின்விளக்கு ஒரு வாழ்க்கையையே—”

சகிக்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

ஊர் நடுவே சதுக்கத்தில் இரண்டு கோர்ட்டுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஊருக்குள் நகரப் போலீஸ் பிடித்தால் செங்கல் கட்டடம். ஊர் எல்லை தாண்டி ஷெரீப் ஆட்கள் பிடித்தால் மணிக்கூண்டு வைத்த கவுண்டி கோர்ட்டு. பின்விளக்கு எரியவில்லை என்று வெர்னாவின் வண்டியை அவர்கள் நிறுத்தியது ஊர் எல்லையில் இருக்கிற தானியக் கிடங்குக்குச் சற்று அப்பால். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் செங்கல் கட்டடத்துக்குத்தான் போய் வந்திருந்தார்கள். அவளும் சர்ச்சுக்குப் போகிற கவுனைப் போட்டுக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தாள்.

(சம்மனைப் படித்திருக்கக் கூடாதா என்பீர்கள். படித்தாள். கோர்ட்டு என்று இருந்தது, தேதி இருந்தது, நேரம் இருந்தது. நீங்கள் மட்டும் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்து விலாசத்தை முழுசாகப் படித்துவிட்டா கிளம்புகிறீர்கள்?)

பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். அவள் பெயர் வரவில்லை. போய்க் கேட்கலாம்தான். ஆனால் இந்தப் பக்கத்து வளர்ப்பு அப்படி இல்லை: நம் முறை வந்தால் கூப்பிடுவார்கள், வேலையாக இருப்பவர்களை நச்சரிக்கக் கூடாது. சாயங்காலம் விளக்கை அணைக்க வந்த காவலாளிதான் கேட்டார்.

“இன்னும் என்னம்மா உக்காந்திருக்கீங்க?”

“என் பேரைக் கூப்பிடவே இல்லைங்க.”

“கூப்பிடலைன்னா கேஸைத் தள்ளிட்டிருப்பாங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

வெர்னா நிம்மதியாகத்தான் போனாள். வழியில் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றுகூட வாங்கிக்கொண்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் காலையிலேயே அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

4

பிடிவாரண்ட் உள்ளவர்களின் பெயர்களை ஷெரீப் அலுவலகம் புதன்கிழமைதோறும் ஃபேஸ்புக்கில் போடும். ஊரே ஆவலோடு பார்க்கும். பள்ளிச் சமையலறையில் கூட வேலை பார்க்கிற லூயெல்லா போனை நீட்டினாள்.

“ஏண்டி வெர்னா, நீ எப்போடி ரவுடியானே? உன் பேரும் வந்திருக்கு பாரு.”

“உனக்கு இப்பத்தான் தெரியுமா? பேங்கைக் கொள்ளையடிச்சேன்ல,” என்றாள் வெர்னா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பால் வைக்கிற குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பால் டப்பாக்களை இரண்டு தடவை எண்ணினாள்.

அன்றோடு அந்தப் பட்டியலைப் பார்ப்பதை விட்டாள். யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அடுத்தவன் பெயருக்காக ஊரே தேடிப் பார்த்தது. தன் பெயரைத் தேட வேண்டியவள் தேடவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? வெர்னாவுக்கு இருண்டுதான் போயிற்று. ரோந்து வண்டி நிற்கிற நெடுஞ்சாலையை விட்டு, சரளைக்கல் ரோட்டிலேயே வேலைக்குப் போய் வந்தாள்.

5

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது.

அவள் தம்பி ராய்ஸ் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஈரல் போய்விட்டது. அங்கே போக நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி. ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு போலீஸ்காரர் அடையாள அட்டை பார்க்கிறார்.

“மகாராணி வர மாட்டீங்களோ?” என்றான் போனில்.

“இடுப்பு வலிடா. உக்காந்து வண்டி ஓட்ட முடியல.”

“போன மாசமும் இதே இடுப்புதானே? பொய்யையாவது மாத்திச் சொல்லுக்கா.”

சாகக் கிடக்கிற தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நானும் அவளிடம் மல்லுக்கு நின்றேன். அப்புறம்தான் புரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவன் ராய்ஸ். அவனை ஜாமீனில் எடுத்து, வீடு வரைக்கும் திட்டித் தீர்த்தவள் வெர்னா. அவள்மேல் வாரண்ட் என்றால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்கியிருக்க முடியாது. (இப்போது அதைக் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.)

மே மாதத்தில் இரண்டு முறை அவளை வண்டியில் ஏற்றினேன். இரண்டு முறையும் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டாள். மூன்றாவது முறை எழுத எனக்குக் கை வரவில்லை. ராய்ஸ் ஜூன் மாதம் செத்துப்போனான். பக்கத்தில் யாரும் இல்லை.

6

அக்டோபரில் கவுண்டி கோர்ட்டில் ஒரு நாள் வைத்தார்கள். வாரண்ட் உள்ளவர்கள் தாங்களாகவே வரலாம், வாசலில் பிடிக்க மாட்டார்கள், நீதிபதி கேட்டு முடிப்பார். லூயெல்லா சொல்லித்தான் தெரிந்தது. வெர்னா நம்பவில்லை; ஆனால் பயந்து காக்க வேண்டியது இனி எதுவும் இல்லையே. நாயைப் பக்கத்து வீட்டில் விட்டாள். ஜெயிலில் கயிற்றைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று கயிறில்லாத செருப்பு மாட்டிக்கொண்டாள். பிரஷர் மாத்திரையை மருந்துக்கடை லேபிள் ஒட்டிய குப்பியோடு எடுத்துக்கொண்டாள். வேறு எப்படிக் கொண்டுபோனாலும் ஜெயிலில் வாங்க மாட்டார்கள் என்று முன்பு ராய்ஸ்தான் சொல்லியிருந்தான்.

கவுன்ட்டரில் டானெட் என்ற குமாஸ்தா பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

“உங்க மேல வாரண்ட் எதுவும் இல்லியே.”

“இருக்குங்க. நல்லாப் பாருங்க.”

“இல்ல கண்ணு. பழைய சில்லறை வாரண்டையெல்லாம் ஜட்ஜம்மா மொத்தமா ரத்து பண்ணிட்டாங்க. உங்க கேஸும் தள்ளுபடி. புதன்கிழமை லிஸ்ட்லேர்ந்து பேரு அப்பவே போயிருக்குமே, பாக்கலியா?”

“நான் பாக்கறதில்லீங்க.”

“அப்பத் தெரிஞ்சிருக்காதுதான். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

வெர்னா நகரவில்லை. மருந்துக் குப்பியைக் கவுன்ட்டர்மேல் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலையாக இருக்கிற ஒருவரை அவள் நச்சரித்தாள்.

“எப்போங்க ரத்து பண்ணாங்க?”

7

முடிவு அ: “ஆகஸ்ட்ல,” என்கிறாள் டானெட். அப்படியானால் ராய்ஸ் இருந்தவரை வாரண்ட் இருந்தது. அவள் பயந்ததில் நியாயம் உண்டு. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

முடிவு ஆ: “ஏப்ரல்லயே,” என்கிறாள் டானெட். அப்படியானால் அந்த இரண்டு தடவையும் நெடுஞ்சாலையில் அவளைத் தேடி யாரும்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதியபோது, அவளுக்காகப் பொய் சொல்வது போல இருந்தது. இரண்டாவதை முடிக்க முடியவில்லை. டானெட்டைத் தேதியே தெரியாதவளாக்கலாமா என்றும் பார்த்தேன். நடக்காது, திரையில் பளிச்சென்று இருக்கிறது.

அதனால் இந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் எழுதுங்கள். டானெட் திரையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், மருந்துக் குப்பியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாயிற்று.

“ரத்து பண்ணது .................. மாசம், கண்ணு.”

எந்த மாதத்தை எழுதினாலும் வெர்னா, “சரிங்க, ரொம்ப நன்றி,” என்றுதான் சொல்வாள். பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். இன்னொரு கேள்வி கேட்க மாட்டாள்.