ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருபது நிமிடம்

அன்புராஜ் விசில் ஊதியதும் நான்கு கேமராக்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

பழவேற்காட்டிலிருந்து படகில் வடக்கே வந்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஆளில்லாமல் கிடக்கும் மணல்திட்டில் இறங்கியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அன்புராஜ், அவர் மனைவி ரம்யா, திருவள்ளூர் பட்டர் வீட்டுப் பெண் ஸுப்ரஜா, வள்ளூரிலிருந்து வந்த பதினேழு வயது நர்மதா. அமாவாசை வானத்தை ஆளுக்கொரு துண்டாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டுவதாகத் திட்டம். இருபது நிமிடம் கேமரா திறந்தே இருக்கும். திட்டு நெடுகத் தள்ளித் தள்ளி வைத்த ஸ்டாண்டுகள் காற்றில் சாயாமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். வெளிச்சம் மட்டும் கூடவே கூடாது.

நர்மதாவின் காலில் ஏதோ ஏறியது. நண்டுதான். ஆனால் அது நண்டு என்று தெரிந்தது, அவள் அலறிக்கொண்டு செல்போன் டார்ச்சைப் போட்ட பிறகு.

அவளுடைய படத்தில் பாதி வெள்ளையாய் எரிந்துபோனது. நடுத்துண்டு அது. அது இல்லாமல் மற்ற மூன்றும் ஒட்டாது.

"நண்டுக்கும் போட்டோ எடுத்துக்கணும்னு ஆச போல" என்றார் அன்புராஜ். "விடும்மா. டீ குடிச்சிட்டு இன்னொரு வாட்டி எடுக்கலாம். இன்னைக்கி விட்டா மழை வந்துரும். அப்புறம் அடுத்த வருசந்தான்."

ஃப்ளாஸ்க்கோடு அவரும் ரம்யாவும் தண்ணீர்ப்பக்கம் போனார்கள். கரையேற்றிய படகின் ஓரம் ஸுப்ரஜாவும் நர்மதாவும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நர்மதாவின் பல் தந்தியடித்தது.

"குளிர்றதா?" என்றாள் ஸுப்ரஜா.

"இல்ல. நான் திரும்ப நிக்க மாட்டேன்டி. அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு."

"ஒரு நண்டுக்கா?"

"நண்டுக்கு இல்ல." நர்மதா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "சிரிக்க மாட்டேன்னு சொல்லு."

"சிரிக்க மாட்டேன்."

"இருட்டு. எங்க ஊடு பவர் பிளான்ட் பக்கத்துலயே இருக்குல்ல, ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சிக்கினே இருக்கும். ஜன்னல சாத்தினாலும் செவத்துல வந்து வுழும். கண்ண மூடினாகூட இவ்ளோ இருட்டு நான் பாத்ததில்ல. அங்க நிக்கசொல்ல என் கையே எனக்குத் தெரில. நீங்கல்லாம் போய்ட்டீங்க, நான் மட்டும் இருக்கேன்னு தோணிடுச்சு."

ஸுப்ரஜா வாயைப் பொத்திக்கொண்டாள். பலிக்கவில்லை.

"சிரிக்க மாட்டேன்னியே!"

"ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பற ஊர்க்காரி இருட்டுக்குப் பயப்படறாளேடி! எங்காத்துல வாரத்துக்கு நாலு நாள் கரண்ட் போகும். ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கக் கூடாதுன்னு அப்பா, அம்மா, தம்பி வைகுந்த் எல்லாரும் கத்திண்டே நடப்போம். 'நான் கூடத்துல இருக்கேன்', 'நான் சொம்போட வரேன்'னு. பக்கத்தாத்து மாமி சண்டைன்னு நெனச்சுண்டு எட்டிப் பார்ப்பா."

நர்மதா அரைச் சிரிப்போடு நிறுத்தினாள். "அப்ப நாம ஏன் யாரும் கத்தல?"

"போட்டோ எடுக்கறச்சே எப்படி..."

"வெளிச்சம்தானே கூடாது? கேமராவுக்கு இன்னா, காதா இருக்கு?"

ஸுப்ரஜா எழுந்து அதைச் சொல்லத் தண்ணீர்ப்பக்கம் ஓடினாள். இருட்டிலிருந்து அன்புராஜின் சிரிப்பு வந்தது.

"அட, ஆமா! நானே என்னமோ பரீட்ச ஹால்ல நிக்கிற மாரி மூச்ச புடிச்சிக்கினு நின்னேன். நர்மதா, நீ எவ்ளோ வேணா கத்து. நிப்பியா?"

நர்மதா படகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நிக்கிறேண்ணா" என்றாள்.

மறுபடி விசில். மறுபடி அந்த இருட்டு.

"நான் ஸுப்ரஜா! என் ஸ்டாண்ட் சரியா இருக்கு!"

"ரம்யா! எனக்கு பசிக்குது!"

"இப்பதானடி பிஸ்கட் துன்ன?" இது அன்புராஜ்.

"நர்மதா! நான் கீறேன்!" என்று அவளும் கத்தினாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு காற்று திசை மாறி எல்லாக் குரல்களையும் கடல்பக்கம் அள்ளிக்கொண்டு போனது. பின்னால் எதுவோ சரசரத்தது. நர்மதாவின் கை தானாக செல்போனுக்குப் போனது. எடுத்தும்விட்டாள். விரல் பட்டனைத் தேடியது.

"யார்னா இருக்கீங்களா?" தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒன்றுமில்லை. அலைதான். செல்போனை மார்போடு கவிழ்த்து அழுத்திக்கொண்டு மறுபடியும் கத்தினாள்.

"...இருக்கோம்டி!" ரொம்ப தூரத்திலிருந்து மெல்லிசாக வந்தது.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். எப்போது வந்தன என்று தெரியவில்லை, வானம் நிறைய நட்சத்திரங்கள். அவற்றின் வெளுப்பில் தன் கை தெரிந்தது. கேமரா தெரிந்தது. தெற்கே அடிவானத்தில் ஆரஞ்சாக ஒரு சின்ன மினுக்கல். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"ஏய், அங்க பாருங்க, எங்க ஊடு!"

"எங்கடி?"

"அந்த ஆரஞ்சு! அது வள்ளூர்டி! துளியூண்டு கீது!"

விசில் ஊதியதும் மூன்று டார்ச்சுகள் அவளை நோக்கி ஆடி ஆடி வந்தன. அன்புராஜ் அவள் கேமராவில் குனிந்தார். கறுப்பில், இருபது நிமிடம் நகர்ந்த நட்சத்திரங்கள் கோடு கோடாக வளைந்திருந்தன. ஒரு கோடும் அறுபடவில்லை.

"வந்துருச்சு" என்றார். "ஒட்டிடலாம்."

நர்மதாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணா" என்றாள் கரகரப்பாக, "விடியறதுக்குள்ள இன்னொன்னு எடுக்கலாமா?"