விரல் விழாத படம்

இந்தோனேசியாவில், சலாக் மலையடிவாரத்தில் இருந்த அந்த விலங்குரிமைக் குழுவுக்கு இணையத்தில் பதிவு போடும் வேலை இமாஸுடையது. பதிவு விதிகளை எழுதியவளும் அவளே. மீட்ட விலங்குக்குச் செல்லப்பெயர் வைக்கக் கூடாது. இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் மனிதக் கை விழவே கூடாது.

ஒருமுறை விழுந்துவிட்டது. யாரோ கையில் ஏந்தியிருந்த தேவாங்கின் படம் அது. அதற்கு வந்த இதயங்கள் போகோர் நகரத்து ஜனத்தொகையைத் தாண்டின. கீழே பாதிப் பேர் கேட்டிருந்தார்கள்: "எங்க கிடைக்கும்? என்ன விலை?" அன்றைக்கு எழுதிய விதி.

இப்போது இருப்பது சந்தைக் கூடையிலிருந்து மீட்ட குட்டித் தேவாங்கு. வந்த அன்றே, கையுறை மாட்டிய இமாஸின் சுண்டுவிரலைப் பிடித்தது. பிடித்ததுதான், விடவில்லை. அவசரப்படுகிற பிராணியில்லை அது. அது கண்ணை மூடத் தொடங்கியபோது குழுவின் ஜீப் பட்டறைக்குப் போயிற்று. திறந்து முடித்தபோது ஜீப் புது வர்ணத்தோடு வாசலில் நின்றது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"இதுலயும் விரல்," என்று படங்களைத் தள்ளிக்கொண்டே போனான் ஜீப் ஓட்டும் யாயான். "இதுலயும். அக்கா, விரலுக்குன்னு தனியா ஒரு பக்கம் ஆரம்பிச்சுடுவோமா?"

"ஓரத்தை வெட்டிடேன்."

"வெட்டினா அதோட கையும் போயிடும். மிருக டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? நோன்புப் பெருநாளுக்குள்ள கிளையைப் பிடிக்கலேன்னா காடு கிடையாது, ஆயுசுக்கும் கூண்டுதான்."

"நான் என்னடா பண்றது? அதுதான் விட மாட்டேங்குதே."

"அது விட மாட்டேங்குதா, நீ விரலை நீட்டிக்கிட்டே இருக்கியா?"

இமாஸுக்குச் சுருக்கென்றது. மறுநாள் அந்தி சாய்கையில் பூவோடு ஒரு மரக்கிளையைக் கூண்டில் கட்டினாள். விரலை மெல்ல உருவி, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். குட்டி காற்றில் துழாவியது. மசூதியில் பாங்கு தொடங்கி முடிந்தது. சின்ன வாய் திறந்து மூடியது. அவள் கைகளை இன்னும் இறுக்கினாள்.

துழாவிய கை கிளையில் பட்டது. பற்றியது. குட்டி பூவை முகர்ந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிப் போயிற்று. அப்போதுதான் அவளுக்குப் படமெடுக்க ஞாபகம் வந்தது.

இலைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு முதுகு. "கிளையில் இருக்கிறது" என்று மட்டும் எழுதிப் போட்டாள்.

"ஒண்ணுமே தெரியலேங்கறாங்க," என்றான் யாயான். "ஏழு இதயம். அதுல ஒண்ணு என்னோடது."

"விலை கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல. டாக்டரம்மா பாத்துட்டாங்க. காட்டுக்கு அனுப்பலாமாம்."

இமாஸ் தலையாட்டினாள். அவள் சுண்டுவிரல் மட்டும், எதையோ பிடிக்கக் கொடுத்தது போல வளைந்தே இருந்தது. அது நிமிர எத்தனை காலம் ஆயிற்று என்பதைத் தேவாங்கிடம்தான் கேட்க வேண்டும்.