மூப்பரின் நெஞ்சுக்குள் அடித்த மணி

இறந்து கிடந்த எஸ்தாக்கி மூப்பரின் நெஞ்சுக்குள் மணி அடித்துக்கொண்டேயிருந்ததால், அவருடைய மனைவி லூர்த்தம்மா அவசர அவசரமாகத் தலையணைகளைச் சவப்பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பெட்டி தூக்குகிறவர்கள் வாசலில் நின்றார்கள். இரண்டு தலையணைகள் போதாமல் போகவே, தன் கலியாணச் சேலையை மடித்து அவர் மார்பில் வைத்து இரு கையாலும் அழுத்தினாள். சத்தம் கொஞ்சம் கம்மியது, நிற்கவில்லை. "இஞ்சாருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ. ஆக்கள் வந்திட்டினம்," என்று அவர் காதோடு கண்டித்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு சொல்லும் தட்டாத மனுசன், இன்றைக்குக் கேட்பதாயில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிக் கிடந்த அந்த வேதக்காரக் குறிச்சியில் ஒருவர் இறந்தால் கோயிலில் துயரமணி அடிக்கும். சேமக்காலையில் பெட்டி குழிக்குள் இறங்கியதும் மணி நிற்கும். நின்ற பிறகுதான் முதல் பிடி மண் விழலாம். மணிச் சத்தத்தில் மண் போட்டால் ஆத்துமா பாதி வழியில் திரும்பிவிடும் என்பது அங்கே சூடைமீன் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோயில் மணியை நிறுத்த யாகோப்பு இருந்தான். பெட்டிக்குள் அடிக்கிற மணியை யார் நிறுத்துவது? மூப்பர் மண்ணுக்குப் போகாமலே கிடக்க வேண்டியதுதானா?

சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஐம்பத்தாறாம் ஆண்டில்தான் எஸ்தாக்கி கோயில் மூப்பரானார். அன்றிலிருந்து குறிச்சியின் மணிக்கயிறும் சேமக்காலைப் பூட்டும் திறப்பும் அவர் கையில். கடலால் வந்ததும் நல்ல மீனை வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை விற்பார். மகள் பிலோமிக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அவள் தலை வலை நாற்றம் நாறுகிறது என்று பெட்டைகள் பகிடி பண்ண, அவள் அழுதுகொண்டு வந்து மறுநாளும் அவரிடமே பின்னக் கொடுப்பாள். கலியாணத்தின்போது லூர்த்தம்மா தைத்துப் போட்ட உத்தரியம், மாதா படம் வைத்த சிறு துணி, அவர் கழுத்தில் எப்போதும் கிடக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளியில் அவர்களுடைய மூத்தவன் மனுவேல் போன வள்ளம் பலகை பலகையாகக் கரைக்கு வந்தது. மனுவேல் வரவில்லை. கடலில் போனவனுக்கு உடல் கரை சேராமல் துயரமணி அடிப்பதில்லை என்பதும் அங்கே வழக்கம். லூர்த்தம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிலத்தில் கிடந்து ஒரே ஒரு கதைதான் சொன்னாள்: "அவனுக்கு மணி அடிச்சா எனக்கும் சேர்த்து அடியுங்கோ. அதுக்குப் பிறகு நான் உயிரோடை இரன்."

மூப்பர் தனியே கரை நெடுகத் தேடிப் போனார். யேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள் பொழுதுபடத் திரும்பி வந்தார். "காணேல்லை லூர்த்து. கோடிக்கரைப் பக்கம் ஒதுங்கியிருப்பான். வருவான், பாரும்," என்றார். லூர்த்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழும்பி அடுப்பை மூட்டினாள். சமைத்து, மனுவேலுக்கும் ஒரு சோற்றுக் கோப்பை வைத்தாள். அதற்குப் பிறகு ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு விளக்கடியில் இருந்தாள். அந்த நேரத்தில்தான் மூப்பரின் நெஞ்சுக்குள் முதல் மணி விழுந்தது.

டொக்குத்தர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல வெண்கலம், வெடிப்பு ஒன்றும் இல்லை என்றார். அதன் பிறகு நாள்தோறும் பொழுதுபட அது அடித்தது. பெண்கள் அதைக் கேட்டு விளக்கு வைத்தார்கள். பிள்ளைகள் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு ஓடினார்கள். பிலோமியின் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி திடுக்கிட, "பயப்பிடாதேங்கோ, அது எங்கடை மூப்பர்," என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அது துயரமணி என்பது எல்லோருக்கும் விளங்கியது. தன் சாவுக்குத் தானே முற்கூட்டி அடிக்கிறார் என்று பகிடி பண்ணினார்கள். அவர் சிரிப்பார். ஆத்துமாக்கள் திருநாளில், சேமக்காலையின் கடற்பக்க மூலையில், கல்லறை ஒன்றுமில்லாத வெறுந்தரையில் மெழுகுதிரி கொளுத்துவார். ஆருமற்ற ஆத்துமாக்களுக்கு என்பார். தன்னை அதற்குப் பக்கத்திலே மண்ணுக்குள் தாட்டால் போதும் என்றும் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் மனுவேலின் கோப்பை ஒருநாளும் தவறவில்லை.

எண்பத்திரண்டில் அவர் கண்ணை மூடினார். நெஞ்சுமணியும் அத்தோடு அடங்கும் என்று குறிச்சி நினைத்தது. அதுவோ அன்றிலிருந்து ஓயாமல் அடித்தது.

பெட்டி குழிக்குள் இறங்கிற்று. கோயில் மணி நின்றது. தலையணை, சேலை எல்லாவற்றையும் மீறி உள்மணி அடித்தது. சுவாமியார் செபத்தை முடித்து, திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னார். கையில் எடுத்த மண்ணோடு சனம் நின்றது.

"மாமி, என்ன செய்ய? பெட்டியைத் திருப்பி ஏத்தட்டோ?" என்றான், மணியை நிறுத்திவிட்டு ஓடிவந்த யாகோப்பு.

லூர்த்தம்மா குழியைப் பார்த்தாள். பக்கத்து வெறுந்தரையைப் பார்த்தாள்.

"ஓடிப்போய்க் கோயில் மணியை அடி."

"மூப்பருக்கு அடிச்சாச்சே, மாமி?"

"மூப்பருக்கில்லை. என்ரை மனுவேலுக்கு."

"உடல் கரை சேரேல்லையே?"

"எனக்குச் சட்டம் சொல்லாதை. போடா!"

யாகோப்பு ஓடினான். கோயில் மணி ஒரு முறை விழுந்தது. பெட்டிக்குள்ளிருந்தும் ஒன்று விழுந்தது. இரண்டாவதற்குக் கோயில் மணி மட்டும்தான் கேட்டது. அவன் அடித்து முடிய, லூர்த்தம்மா குனிந்து முதல் பிடி மண்ணைப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். அன்று பொழுதுபட்டதே குறிச்சிக்குத் தெரியவில்லை. இருட்டிய பிறகுதான் விளக்குகள் எரிந்தன. ஒரு மணிக்கூடு வாங்க வேண்டும் என்று கதைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் லூர்த்தம்மா தனக்கும் மகளுக்குமாக இரண்டு கோப்பைகள் வைத்தாள். பிலோமி அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"எணை அம்மா, அண்ணை கரை சேர்ந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அப்பா சொன்னவரோ?"

"அவர் எங்கை சொன்னவர்."

"பின்னை?"

"அண்டைக்குத் தேடிப்போட்டு வீட்டை வரேக்கை உன்ரை அப்பற்றை கழுத்திலை உத்தரியம் இல்லை. பிள்ளையை வெறுங்கழுத்தோடை மண்ணுக்குள்ளை விட அந்த மனுசனுக்கு மனம் வருமோ? நான் இருந்து வேறையொண்டு தைச்சு, அவர் படுத்திருக்கேக்கை போட்டுவிட்டன். பழசு கடலிலை துலைஞ்சுபோச்செண்டு நான் நம்பினதாய் அவர் நினைச்சிருப்பார்."

"அப்ப ஏனம்மா இவ்வளவு காலமும் கோப்பை வைச்சனீங்கள்?"

லூர்த்தம்மா சோற்றைப் பிசைந்தாள்.

"என்னைக் காப்பாத்திப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவர், பிள்ளை. அதை நான் ஏன் கெடுக்கவேணும்?"