மாரிசெல்வம் கழுவாத பாத்திரங்கள்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கம்பெனியின் பாதுகாப்பு வார மலருக்காகத் தொடங்கியது. ‘பிறர் தவறிலிருந்து பாடம்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். எனக்கா தெரியாது? 2003-இல் பென்னலூரில் ஒரே அறையில் ஏழு பேர் அதைச் சட்டமாகவே வைத்திருந்தோம்.

ஞாயிறு மதியம் கறிக்குழம்பு முடிந்ததும், அந்த வாரம் செய்த தவறை ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். பெரிய தவறு சொன்னவன் அன்று பாத்திரம் கழுவ வேண்டாம். “ஒருத்தன் பட்டா ஏழு பேருக்குப் புத்தி வரும்லே” என்பான் உச்சிமாகாளி. வீட்டுக்காரம்மா கோவிந்தம்மா வாசலில் நின்று, “இன்னாப்பா, இந்த வாரம் எவன் மாட்னான்?” என்று கேட்டுச் சிரிப்பார். (கம்பெனி பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டி மறைமலை நகரில் கண்விழித்த இசக்கிக்கு மட்டும் மூன்று வாரம் விலக்கு.) அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாகிறது! அந்த அறைக்காக மனசு ஏங்குகிறது.

2.

முதல் ஆரம்பம்: ‘மாரிசெல்வம் அவசரக்காரன், அதனால்தான்…’

[அடித்துவிட்டேன். எங்கள் அறையில் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து நேராக விடுகிறவன் அவன்.]

இரண்டாவது: ‘பட்டனில் யாரோ தீக்குச்சியைச் செருகி…’

[‘யாரோ’வில் பேனா நின்றுவிட்டது.]

விளக்கிவிடுகிறேன். ஒரகடம் சாலையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் எங்களுக்கு வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒரு பட்டனைக் குச்சி செருகி அழுந்தியபடியே நிறுத்திவிட்டால் ஒரு கை மிச்சம், எண்ணிக்கை எகிறும். பலரும் செய்ததுதான். ஷிப்டு முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

3.

காலை ஷிப்டு நான். அதே மெஷினில் மதிய ஷிப்டு மாரிசெல்வம். அன்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அவன் வலது கையால் தகட்டை வைத்தபடி, இடது கையை மற்ற பட்டனில் சாதாரணமாக ஊன்றியிருக்கிறான். ஒரு பட்டனுக்கு இறங்காது என்று நம்பியவன். இரண்டு விரல்கள் போய்விட்டன. ஷிப்டு மாறும் நேரத்தில் அந்த மெஷினில் பலர் கை வைப்பார்கள்; குச்சி யாருடையது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு, கட்டுப்போட்ட கையோடு அவனும் வட்டத்தில் உட்கார்ந்தான்.

“பட்டனைப் பாக்காம கைய வச்சிட்டேம்ல. என் தப்புதான். இனிமே மெஷின்ல நிக்கதுக்கு முன்னால பாத்துக்கிடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்தான்: “ஏலே, இன்னைக்கு எனக்குப் பாத்திரம் கிடையாதுல்லா?”

என் முறை வந்தது. “கைலிய அயன் பண்ணும்போது கருக்கிட்டேன்” என்றேன்.

அன்று எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன். அதன் பிறகு அறையில் ஒருவனும் குச்சி செருகவில்லை. ஏழு பேருக்கும் புத்தி வந்தது உண்மை. அது யாருடைய தவறிலிருந்து என்பதுதான் ஆறு பேருக்குத் தெரியாது.

4.

முடிவு ஒன்று: அன்றே எழுந்து சொல்கிறேன். நன்றாயிருக்கிறது; நடக்கவில்லை.

முடிவு இரண்டு: அவனுக்கு அப்போதே தெரியும், என்னை மன்னித்து… [வேண்டாம். எனக்கு நானே வாங்கிக்கொள்ளும் மன்னிப்பு.]

மலருக்கு வேறு ஏதாவது எழுதித் தருவேன். நாளை ஞாயிறு. மாரிசெல்வம் குடும்பத்தோடு என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். இந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். சாப்பிட்டதும், “இந்த வாரம் எவம்ல மாட்டுனான்?” என்று எப்போதும்போல் கேட்பான்.

பெரிய தவறு சொன்னவனுக்கு விடுதலை; சட்டம் அதுதான். ஆனால் நாளை பாத்திரங்களை நான்தான் கழுவ வேண்டும். அவன் என்னைக் கழுவ விடுவானா, இல்லை சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவானா? எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் எழுதுங்கள்.