ஜன்னலைப் பார்த்த விசிறி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போட்ட கம்ப்யூட்டர் ஐந்து மணிக்கும் உயிரோடு இருந்தது. சீனி முகம்மது மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு, "இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் அப்படிக் கேட்டது ஒன்பதாவது தடவை.

"ஓடுது அத்தா, ஓடுது," என்றாள் மேலேயிருந்து மகள் அஜீஸா.

தலையில் இருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. கீழே இறங்கிப் போய், கேட்காதவர்களுக்கெல்லாம் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

இது நடந்தது எண்பத்தெட்டாம் வருடம். கோலாலம்பூருக்கு வடக்கே, ராசா என்ற சிற்றூரின் கடைத்தெருவில் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை தெரியாதவர்கள் இல்லை. தொண்டியிலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்து, கிளாஸ் கழுவி, மாவு பிசைந்து, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்த மனிதர். தனக்குத் தெரியாத தொழில் உலகத்தில் இல்லை என்பது அவருடைய எண்ணம். அவர் மனைவி சுலைகாவின் எண்ணம் வேறு. அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை.

மகள் கோலாலம்பூரில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். அங்கேயே கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, கடை மாடியில் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் கேட்டாள். ரப்பர்த் தோட்டத்துப் பெண்களுக்கு இங்கேயே சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். மூட்டைகள் பின்கட்டுக்குப் போயின. ஒரு கம்ப்யூட்டரும் ஓர் அச்சு இயந்திரமும் வந்தன. ராசா, கலும்பாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஆறு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. நடத்துகிற கழகத்திலிருந்து முருகையா என்ற அதிகாரி வருகிறார். ஒரே ஒரு மெஷின் என்பதால் ஒருவர் மாற்றி ஒருவராக, ஆளுக்கு நாற்பது நிமிஷம். ஆறு பேரும் எழுதி முடிக்கிறவரை, யாருடைய நேரத்திலும் மெஷின் நிற்காமல் ஓடினால் அந்த மாடி அறையையே பரீட்சை நிலையமாக ஏற்றுக்கொள்வார்கள். நடுவில் படுத்துவிட்டால் இல்லை. பிறகு பரீட்சைக்குக் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும். அந்த ஆறு பேரில் ஐந்து பேருடைய அப்பாமார் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். அஜீஸாவின் வகுப்புக்கு அதோடு பூட்டுத்தான்.

மெஷினோ ஒரு மாதமாகவே சரியில்லை. ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் திரையில் எழுத்து அப்படியே உறைந்து நிற்கும். எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையாது. எதிர்க்கடையில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற சிவானந்தம் வந்து மூடியைக் கழற்றினான். கழற்றியவன் சிரித்துவிட்டான்.

"பாய், இதுக்குள்ள தண்ணி ஊத்திப் பெசஞ்சா பத்து ரொட்டி சானாய் போடலாம்லா!"

உள்ளே அவ்வளவு கோதுமை மாவு. கம்ப்யூட்டர் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே சமையல்கட்டு. ரொட்டி வீசுகிற மாவும் நெய்ப்புகையும் ஜன்னல் வழியாக ஏறி வந்து, கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தருகிற பெட்டியிலிருந்த ஒரே விசிறியில் அப்பிக்கொண்டிருந்தன. விசிறி மூச்சுத் திணறிச் சுற்றியது. சூடு வெளியே போக வழியில்லை.

சிவானந்தம் எல்லாவற்றையும் பிரஷால் தட்டித் துடைத்தான். கோலாலம்பூருக்குப் போய் உள்ளங்கை அகலத்தில் இரண்டு சின்ன விசிறிகள் வாங்கி வந்தான். முன்பக்கம் ஒன்று, அறைக் காற்றை உள்ளே இழுக்க. பின்பக்கம் ஒன்று, சூட்டை ஜன்னல் வழியாக வெளியே தள்ள. பின்பக்கத் தகட்டில் துளை போட்டு நான்கு திருகாணியால் இறுக்கினான். ஒயரைச் சேர்க்கும்போது சீனி முகம்மது முகத்தை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்போட சிவப்பதானப்பா சேக்கணும்? நீ என்ன மஞ்சள்ல கொண்டு போய் மாட்டுற?"

"அங்கதான் பாய் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. பெட்டியிலேருந்து வர்ற மஞ்சள்லதான் பன்னெண்டு வோல்ட்டு. சிவப்புல அஞ்சுதான். அதுல குடுத்தா ஃபேன் தூங்கிடும்."

சீனி முகம்மது எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டினார். மெஷின் மூன்று மணி நேரம் ஓடியது அதற்குப் பிறகுதான். நாளைக்குச் சுங்கை சோவில் ஒரு கல்யாணம், நான் ஊரில் இருக்க மாட்டேன், இனி ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சிவானந்தம் போனான்.

அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. சாயங்காலம் சீனி முகம்மது மாடிக்குப் போய் மெஷினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பின்பக்கம் கையை வைத்தார். காற்று ஜன்னலைப் பார்த்து ஜோராக அடித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. கடையில் எட்டு விசிறி வைத்திருக்கிற மனிதர். சாப்பிட வருகிறவன் முதலில் விசிறிக்கு நேராக இருக்கிற நாற்காலியைத்தான் தேடுவான் என்பது அவருக்கு அத்துப்படி. ஆள் இருக்கிற பக்கம் காற்று வர வேண்டும், அதற்குத்தான் விசிறி. இவனோ காசு கொடுத்து வாங்கிய காற்றைத் தெருவுக்கு அனுப்பி வைத்திருக்கிறான். கல்யாண அவசரத்தில் திருப்பி மாட்டிவிட்டான், பாவம் என்று அவர் முடிவு கட்டினார். மகளிடம் சொல்லி அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்றும் முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக மாடிக்குப் போனார். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பின்பக்க விசிறியின் நான்கு திருகாணியையும் எடுத்து, விசிறியைப் புரட்டி வைத்து இறுக்கினார். ஒயரில் கை வைக்கவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. போட்டுப் பார்த்தார். ஜன்னல் காற்று உள்ளே போயிற்று. இரண்டு விசிறியும் மெஷினைப் பார்த்தே அடிக்கின்றன, இனி இதற்கு ஏது சூடு? மனிதர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கினார்.

ஒன்பது மணிக்குப் பரீட்சை தொடங்கியது. முருகையா கழுத்துப்பட்டை கட்டிய, அதிகம் பேசாத ஆள். நாற்காலியைப் பின்னால் போட்டுக் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் நடுவில் பத்து நிமிஷ இடைவெளி. ஆள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது மெஷினை யாரும் தொடக் கூடாது என்றார். முதல் பெண் முடித்தாள். இரண்டாவது பெண்ணும் முடித்தாள். படியில் நின்றிருந்த சீனி முகம்மதுவுக்கு ஒவ்வொரு தடவையும் அரை உயிர் திரும்பி வந்தது.

மூன்றாவதாக உட்கார்ந்தவள் கலும்பாங் பக்கத்துத் தோட்டத்துப் பெண் புஷ்பவள்ளி. அதற்குள் மணி பத்து நாற்பது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கீழே நெரிந்தது. ரொட்டிக் கல்லில் அபுபக்கர் இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தான். பக்கத்து அடுப்பில் மீன் குழம்புக்குத் தாளித்தார்கள்.

முருகையா மூக்கைச் சுருக்கினார். "மிஸ் அஜீஸா, ஏதோ வெங்காய வாட வருதே?"

"கீழ சமையல்கட்டு சார்."

"கீழேருந்து வரல. உங்க கம்ப்யூட்டர்லேருந்துல்ல வருது."

அஜீஸா குனிந்து பார்த்தாள். உண்மைதான். டிஸ்க் போடுகிற வாயிலிருந்து, வதக்கிய வெங்காய வாசனையோடு வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. மெதுவாக மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்ததும் எடுத்துவிட்டாள். முகம் வெளுத்துப் படிக்கு வந்தாள்.

"அத்தா, மெஷின் கொதிக்குது. பின்னாடி காத்து வெளிய போகல, உள்ள வருது. நேத்து நல்லாத்தான இருந்துச்சு? அடுப்புச் சூட்டையெல்லாம் உள்ள இழுக்குது. புஷ்பாவுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இப்ப தொடவும் கூடாது."

சீனி முகம்மதுவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆளுக்கு அடிக்கிற விசிறி வேறு, அடுப்பங்கரைச் சூட்டை வெளியே தள்ளுகிற விசிறி வேறு. இரண்டும் அவர் கடையிலேயே இருந்தன. எது எதற்கு என்று யோசிக்காமல் போனது அவருடைய புத்தி. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழி ஊரில் இல்லாத சிவானந்தத்தின் தலையில் விழும். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"நாந்தாம்மா," என்றார். "காலையில நாந்தான் திருப்பி மாட்டுனேன். காத்து வீணாப் போவுதுன்னு நெனச்சேன்."

அவர் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒரே தாவலாகப் படியிறங்கினார்.

"அபு! அடுப்ப அணை!"

"என்னா மொதலாளி? பதினாலு ரொட்டி ஆர்டர் நிக்கிது!"

"எல்லா அடுப்பையும் அணைலா! இப்பவே!"

சொன்னவர் அபுபக்கரை நம்பாமல் தானே கேஸை மூடினார். ரொட்டிக் கல்லில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அது ஜன்னலுக்குப் போகாமல் சுலைகா ஒரு பெரிய தட்டால் ஆவியை வாசல் பக்கம் விசிறினாள். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. இந்த மனிதர் எதையோ செய்து வைத்திருக்கிறார் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், கேஸ் தீர்ந்து போச்சா பாய் என்று கேட்டார்கள். இருபது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடையில் அடுப்பு அணைந்தது அன்றைக்குத்தான். "கொஞ்சம் பொறுங்க, மேல பிள்ளைங்க பரீட்சை எழுதுது," என்றார் சீனி முகம்மது. என்ன ஆச்சரியமோ, ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவர் ரேடியோவைக்கூடக் குறைத்து வைத்தார்.

அந்த இருபது நிமிஷத்தை அவர் படியின் கீழே உட்கார்ந்து கழித்தார். மேலே புஷ்பவள்ளியின் விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கொஞ்சம் நின்றால் இவருடைய மூச்சும் நின்றது. மறுபடி தட்டினால் மறுபடி வந்தது. கடைசியில் அச்சு இயந்திரம் கரகரவென்று காகிதத்தை இழுக்கிற சத்தம் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னார்.

"பத்து நிமிஷம்," என்றார் முருகையா.

சீனி முகம்மது திருப்புளியோடு மேலே வந்தார். அதிகாரியின் முன்னாலேயே தரையில் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றினார். முதல் திருகாணி கையிலிருந்து நழுவி மேஜைக்கடியில் ஓடிற்று. அஜீஸா குனிந்து அதை எடுத்து, அடுத்தடுத்து மற்றவற்றையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். அவர் விசிறியைப் புரட்டி வைத்தார், அவள் ஒவ்வொரு திருகாணியாகக் கொடுத்தாள், அவர் இறுக்கினார். ஏழாவது நிமிஷத்தில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பின்னால் கை வைத்துப் பார்த்தார். காற்று ஜன்னலைப் பார்த்து வெளியே அடித்தது. இவ்வளவு அழகான காற்றைத் தன் ஆயுளில் அவர் கண்டதில்லை.

நான்காவது பெண் முடித்தாள். ஐந்தாவது பெண், ஆறாவது பெண். கீழே அடுப்பு மறுபடி எரிந்தது, அபுபக்கர் விட்ட இடத்திலிருந்து வீசினான், மேலே மெஷின் மூடி கை வைக்கிற மாதிரி இருந்தது. இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முருகையா கடிகாரத்தைப் பைக்குள் வைத்தார். அஜீஸா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள்.

முருகையா நிலையத்தைப் பதிவு செய்கிற பாரத்தை எடுத்து மேஜையில் விரித்தார். நிலையத்தின் பெயர், முகவரி, ஆசிரியர் பெயர் எல்லாம் எழுதினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"மெஷினுக்குப் பொறுப்பான டெக்னீஷியன் யாரு? ஒரு பேரு போடணும்."

சீனி முகம்மது சட்டென்று படிப்பக்கம் நகர்ந்தார். சிவானந்தத்தின் பெயரைச் சொல்வாள், அதுதான் நியாயம், இந்தப் பேச்சில் நான் நிற்கவே கூடாது என்று நினைத்தார்.

"ரெண்டு பேரு போடலாமா சார்?" என்றாள் அஜீஸா.

"போடலாம்."

"எஸ். சிவானந்தம். அடுத்தது சீனி முகம்மது. எங்க அத்தா."

மண்டியிட்டுத் திருகாணி இறுக்கிய மனிதரை முருகையா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதினார். பாரத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். சீனி முகம்மதுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோடு சரியாகத் தெரியவில்லை. அஜீஸா அவர் பக்கத்தில் வந்து நின்று, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இனிமே கைய வைக்கிறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வைங்கத்தா," என்றாள் மெதுவாக.

"கேக்குறம்மா," என்றார் அவர். அவள் விரல் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.