ஆறாவதுக்கு விரல் இல்லை

அன்று மாலை ஸைனபை தினைக்கஞ்சியில் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நூஹா வாசலில் குனிந்து துணிச்செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவர்களிடம் ஒரு நொண்டி ஆடு இருந்தது. அந்தி சாய்ந்தால் மற்ற ஆடுகள் தாமாகவே வந்துவிடும்; அது மட்டும் வராது. யாராவது போய்க் கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வரவேண்டும்.

"ஈமான் ஆறையும் சொல்லிட்டுப் போய்யா. வெள்ளிக்கிழமை அஹோங் கேட்பாரு, பள்ளிவாசல்ல என் மானம் போகும்."

கயிறு அவன் இடது கையில் இருந்தது. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "அல்லாஹ்வை நம்பினேன். மலக்குகளை நம்பினேன். வேதங்களை நம்பினேன். தூதர்களை நம்பினேன். கடைசி நாளை, செத்தவங்க எழும்புற நாளை நம்பினேன்." கட்டைவிரலும் மடங்கியதும் முஷ்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "தீர்ந்துபோச்சு."

"ஆறாவது?"

"ஆறாவதுக்கு விரல் இல்லையே."

"இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

"அதுல கயிறு இருக்கு. கண்ணு தெரியலையா வாத்தியாரம்மா?"

"ஆறாவது சொல்லாம கஞ்சி கிடையாது."

"இன்ஷா அல்லாஹ், வந்து சொல்றேன். கிழங்கை நிறையப் போடு."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவுத் திரை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கஞ்சி கொதி வருவதற்குள் பூமி ஆடியது. சட்டி அடுப்பிலிருந்து குதித்தது. மலையைக் குடைந்து கட்டிய வீடு அது. கூரையிலிருந்து மண் பொலபொலவென்று உதிர, கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். எதிரே மேற்கு மலை நகர்ந்துகொண்டிருந்தது. இடிந்து விழவில்லை. மாவு மூட்டை சரிவதுபோல, ஓசையே பெரிதாக இல்லாமல், ஓடைப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வந்து நின்றது. மேலே இருந்த பாப்ளர் மரங்கள் மூன்று அப்படியே நிமிர்ந்தபடி கீழே வந்திருந்தன. நூஹா இறங்கிப் போன பள்ளம் இருந்த இடத்தில் புது மேடு இருந்தது.

நொண்டி ஆடு மேட்டின் இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது.

தோண்டிப் பார்த்தார்கள். பனி இறுகி மண் கல்லாகும்வரை தோண்டினார்கள். பள்ளத்தில் அன்று இருந்த யாருமே கிடைக்கவில்லை. பள்ளிவாசல் இமாமான ஹா அஹோங் மேட்டின் முன்னால் மேற்கு பார்த்து நின்று இறந்த எல்லோருக்குமாகச் சேர்த்து ஜனாஸா தொழவைத்தார். குளிப்பாட்டல் இல்லை, கஃபன் துணி இல்லை. மண்ணில் நசுங்கிச் செத்தவர்களுக்கு ஷஹீதின், மார்க்கத்துக்காக உயிர் விட்டவரின், கூலி உண்டு என்றார். சொல்லும்போது அவருக்கும் குரல் உடைந்தது; அவருடைய தம்பியும் அதற்குள்தான் கிடந்தான்.

ஸைனபையால் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கப்ரில், புதைத்த குழியில், மலக்குகள் என்னும் வானவர்கள் இருவர் வருவார்கள், உன் ரப்பு, உன் இறைவன், யார் என்று கேட்பார்கள் என்பது சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். நூஹா அந்தச் சொற்களோடு பிறந்தவன் இல்லை. வீடு குடையும் வேலைக்கு சீனத்து நிங்சியா பக்கம் வந்த ஹான் சாதிக்காரன். அவளைக் கட்டிக்கொள்வதற்காகக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவன். ஊரில் அவனுக்குப் பெயரே 'அஞ்சுவிரல் நூஹா'. விதியை, நல்லதும் கெட்டதும் அல்லாஹ்விடமிருந்தே வருகின்றன என்கிற ஆறாவதை, அவன் ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை. அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

மலை பாதியாகக் குறைந்துவிட்டதால் முற்றத்தில் மாலை வெயில் முன்னைவிட அதிக நேரம் தங்கியது. அந்த வெளிச்சத்தைக் கண்டாலே அவள் உள்ளே போய்விடுவாள். தொழுகைத் திசையான கிப்லாவும் மேற்கே, மேடும் மேற்கே. தொழுகையில் நெற்றியை மண்ணில் வைத்தால் அடியிலிருந்து அவன் குரல் கேட்கும். அல்லாஹ். மலக்குகள். வேதங்கள். தூதர்கள். கடைசி நாள். பிறகு நின்றுவிடும். இன்னொரு கை மண்ணில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ? யாரோ காத்திருப்பது போன்ற அந்த அமைதி, குரலைவிட மோசமாக இருந்தது.

அவளும் ஐந்தோடு நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஈமானைப் புதுப்பித்துச் சொன்னபோது, ஆறாவதில் அவள் வாய் மூடிக்கொண்டது. தான் மட்டும் சொல்லிக் கடந்துபோனால் அவனை அங்கேயே விட்டதாகிவிடும்.

நாற்பதாம் நாளுக்கு ஊர்ப் பெண்கள் கூடி எண்ணெயில் யூசியாங் ரொட்டி பொரித்தார்கள். ஸைனபை அடுப்பில் நின்றாள். பக்கத்தில் மாவு தட்டிக்கொண்டிருந்தது தியே வீட்டு அக்கா. பள்ளத்தில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள். ஆனாலும் அவள் வாய் அடங்கியதில்லை.

"ஏண்டி, வெள்ளிக்கிழமை நான் உன் பக்கத்துல தானே நிக்கிறேன், காது இன்னும் செவிடாகலை. அஞ்சோட ஏன் நிறுத்துற?"

"அக்கா, விடுங்க."

"விடமாட்டேன். என் பிள்ளைங்க ரெண்டையும் அல்லாஹ் வாங்கிக்கிட்டான், ஆனாலும் ஆறாவதையும் நான் சொல்லத்தான் சொல்றேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றேன். உனக்கு மட்டும் என்ன?"

ஸைனபை பொரிகரண்டியால் எண்ணெயில் ரொட்டியைப் புரட்டினாள். "அவரு ஆறாவதைச் சொல்லாமலே போயிட்டாரு. ஈமான் குறையா போயிட்டாரு. சொல்லச் சொன்னேன். வந்து சொல்றேன்னு போனாரு."

"அந்த அஞ்சுவிரலு என்னைக்குத்தான் ஒழுங்காச் சொன்னான்? எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லு. அவன் குரல் கேட்டு எத்தனை நாளாச்சு."

ஸைனபை தயங்கினாள். பிறகு கரண்டியைக் கயிறுபோல இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது முஷ்டியை நீட்டி, அவனுடைய இழுவைக் குரலில் சொன்னாள்.

"இன்ஷா அல்லாஹ், வந்து சொல்றேன். கிழங்கை..."

கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

கல்யாணமான புதிதில் அவன் 'நாளைக்கு முடிச்சிடுவேன்' என்று மொட்டையாகச் சொல்வான். அவள் அகப்பையால் முழங்கையில் தட்டி, 'இன்ஷா அல்லாஹ், அல்லாஹ் நாடினால்னு சேர்த்துச் சொல்லுய்யா, நாளைக்கு என்ன உன் வீட்டு ஆடா?' என்பாள். ஒரு வருஷத்தில் அது அவன் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. வேலைக்குப் போனாலும், தண்ணீர் இறைக்கப் போனாலும், அதைச் சொல்லாமல் அவன் வாசலைத் தாண்டியதில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அவள் காது அதை வாங்குவதையே விட்டுவிட்டது. நடந்ததை ஊரெல்லாம் சொன்னபோதும் 'வந்து சொல்றேன்' என்று மட்டுமே சொல்லியிருந்தாள்.

வருவதும் வராததும் அல்லாஹ் கையில் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் போயிருக்கிறான்.

"அடியே, யூசியாங் கருகுது!" தியே அக்கா கரண்டியைப் பிடுங்கினாள். "என்னடி ஆச்சு? அழுறியா, சிரிக்கிறியா?"

"அவரு சொல்லிட்டாருக்கா."

"என்னத்தை?"

ஸைனபை மேற்கே திரும்பினாள். வாய்க்குள்ளேயே ஆறாவதைத் தொடங்கினாள். 'நல்லதும்' என்பது வந்தது. 'கெட்டதும்' தொண்டையிலேயே நின்றது. அக்கா சொன்னபடி பல்லைக் கடித்தாள். வந்தது. உதடு எரிந்தது, மிளகாயைக் கடித்ததுபோல.

எல்லோரும் போனபிறகு முற்றத்தில் இன்னும் அந்த வேண்டாத வெயில் இருந்தது. மேட்டிலிருந்து ஐந்து வரை எண்ணும் குரல் அன்றும் கேட்டது. நின்றது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "இன்ஷா அல்லாஹ், வந்துடுறேன்" என்றாள்.

மூன்று பாப்ளர் மரங்களுக்கும் கீழே நொண்டி ஆடு நின்றது. அவளைப் பார்த்தும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கயிற்றைக் கண்டதும், எப்போதும்போல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.