மாதா தோப்பின் குடிதண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, விழுப்புரத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியில் சவுரியம்மாள் திண்டிவனத்தில் இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. வயது இருபத்திரண்டு. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு. பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஊருக்குத் தெற்கே இரண்டு மைலில் இருந்த மாதா தோப்பில் ஒவ்வொரு கோடையிலும் கோவில் முகாம் நடப்பது வழக்கம். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் இரண்டு வாரம் அங்கேயே தங்கி மந்திரமும் ஞானோபதேசமும் படிப்பார்கள். அரிசிப் பங்கீடு வந்ததும் நாலு வருஷம் நின்றுபோன முகாமை, புதிதாக வந்த சாமியார் மறுபடி தொடங்கினார். எழுபது பிள்ளைகளோடு கூடவே தங்க ஒரு நர்சு வேண்டும் என்று அவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியிருந்தார். மற்ற நர்சுகள் வெயிலை நினைத்துத் தயங்கியபோது சவுரியம்மாள் முந்திக்கொண்டு, "நான் போறேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் காணை என்ற ஊர்ப் பக்கத்துக் கூலிக்காரர் மகள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று வயதிலும் மூன்று கோடை அந்தத் தோப்பில் இருந்திருக்கிறாள். தனக்கென்று ஒரு பாய் அவளுக்குக் கிடைத்தது அங்கேதான். கன்னியாஸ்திரி ஒருவர் நீளமான சோப்புக் கட்டியை நூலால் அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். அதை நுரைக்க விட்டால் கரைந்துபோகுமே என்று அவள் முகர்ந்து பார்த்துப் பத்திரப்படுத்துவாள். காலையில் கேப்பைக் கூழும் வெங்காயமும். மத்தியானம் சோறு, தினம் சோறு. நில புலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் நடவுக்குப் போகிறவள் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று அப்போதிருந்த வெள்ளைக்காரச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வரிசையில் சோறு போட்டுக்கொண்டு வந்தவர் சமையற்காரர் சின்னக்கண்ணு. "வயிறு ரொம்பிச்சா, இல்ல வாய்தான் போதும்ங்குதா?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். சவுரி எப்போதும் வாய்தான் என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்குவாள்.

மூன்றாம் கோடைதான் கடைசி. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஸ்டேஷன் வாசலில் காதர் பாட்சாவின் ஜட்கா நின்றுகொண்டிருந்தது. தோப்பு என்றதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க யாரும் இல்லியே நர்ஸம்மா. நாலு வருஷமா மூடிக்கினு கெடக்குது."

"திங்கக்கிழமெ புள்ளைங்க வருவாங்க பாய். மறுபடி நடத்தப் போறாங்க."

"அப்பிடியா? நல்லதுதான்." குதிரையைத் தட்டிவிட்டு அவராகவே பேசிக்கொண்டு வந்தார். "முன்னெல்லாம் அந்த ரோட்டுல போனாலே கொழம்பு வாசனை தூக்கும். சின்னக்கண்ணுன்னு ஒருத்தன் ஆக்கிப் போட்டான். பாவம், கெட்ட பேரு வாங்கிக்கினு போய்ட்டான்."

சவுரியம்மாள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பாண்டிச்சேரிக்குப் போய்ட்டாருன்னு சொன்னாங்களே."

"எங்க போறது? இங்கதான் மல்லாட்டை மண்டியில மூட்டை தூக்கிக்கினு இருக்கான். அவன் கையால சோறு ஆக்க எந்த வூட்லயும் கூப்புடல. கல்யாணம் காட்சின்னு ஒண்ணுத்துக்கும் இல்ல."

அங்கே போய்ச் சேர்ந்ததும் ஜட்காவை வெளியில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போனாள்.

மாமரங்கள் அப்படியே இருந்தன. ஓட்டுக் கொட்டகையின் ஒரு மூலை சரிந்திருந்தது. சமையல்கட்டின் சுவரில் பழைய புகைக்கரி இன்னும் போகவில்லை. அவள் நேரே கிணற்றுக்குப் போனாள். கிணற்றிலிருந்து சமையல்கட்டுக்கு அடி எண்ணிக்கொண்டு நடந்தாள். நாற்பத்திரண்டு அடி. பதினோரு வயதுக் காலுக்கு அறுபது இருக்கும். அவ்வளவுதான் தூரம். அன்றைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

அந்த மூன்றாம் கோடையில் ஒரு நாள் தண்ணீர் முறை அவளுடையது. குடிதண்ணீர்ப் பானைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது சின்னக்கண்ணுவின் சட்டம். கோடையில் தண்ணீர் அடியில் கிடந்தது. கூட முறை இருந்த பெண் பாட்டுப் பழகப் போய்விட்டாள். சவுரி தனியாக இழுத்துக்கொண்டிருந்தபோது கயிறு கை நழுவியது. வாளி கயிற்றோடு உள்ளே போய்விட்டது. வாளியைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் அடுத்த வருஷம் முகாமுக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்துக் குளத்திலிருந்து நாலு குடம் எடுத்துத் துணியால் வடிகட்டி ஊற்றிவிட்டாள். வாளியை யாரோ தள்ளிவிட்டார்கள் என்று சாயங்காலம் பேசிக்கொண்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மூன்று பிள்ளைகளுக்கு வாந்திபேதி கண்டது. இரண்டு பேர் பிழைத்தார்கள். அனந்தபுரத்திலிருந்து வந்த எட்டு வயது திரேசம்மாள் பிழைக்கவில்லை. பானையின் அடியில் பாசி இருப்பதை உபதேசியார் அந்தோணிசாமி சாமியாருக்குக் காட்டினார். கிணற்றுத் தண்ணீர்தான் என்று சின்னக்கண்ணு சத்தியம் செய்தார். சோம்பேறித்தனமும் பொய்யும் என்று சொல்லி அவரை அன்றே போகச் சொன்னார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, குளத்துத் தண்ணீரை யாராவது எடுத்தீர்களா என்று சாமியார் கேட்டபோது சவுரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினாறாவது வயதில் ஒருமுறை சாமியார் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார்கள். அவள் முப்பது சொன்னாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வேலியோரத்தில் திரேசம்மாளின் கல்லறைச் சிலுவை சாய்ந்திருந்தது. சவுரியம்மாள் அதை நிமிர்த்தி, அடியில் கல் வைத்து மண்ணை மிதித்து இறுக்கினாள். பிறகு ஜட்காவுக்கு வந்து, "மண்டிக்குப் போங்க பாய், ஜல்தி" என்றாள். தாமதித்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

நிலக்கடலை மண்டியில் மத்தியான இடைவேளை. சின்னக்கண்ணு மூட்டைகளின் நிழலில் உட்கார்ந்து தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்து, வலது தோள் தாழ்ந்து போயிருந்தது. வெள்ளைச் சேலையோடு ஒரு நர்சு வந்து நிற்பதைக் கண்டு எழுந்தார்.

"யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல மாமா. நா சவுரி. காணை சவுரி. முகாம்ல இருந்தேனே."

அவர் முகம் மலர்ந்தது. "வாய்தான் போதும்ங்குற பொண்ணா? அட, இன்னா வளந்துட்டே! நர்ஸா ஆயிட்டியா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள். வாளி, குளம், நாலு குடம், சாமியார் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

சின்னக்கண்ணு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நா இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றார் கடைசியில். "மொத நாள் ராத்திரி பானையக் கழுவாம வுட்டுட்டேனோ, அந்தப் பாசி அதுதானோன்னு. கழுவுனேனா இல்லியான்னு பதினோரு வருஷமா ஞாபகப்படுத்திப் பாக்குறேன். வர்ல."

"நீங்க கழுவித்தான் வெச்சிருந்தீங்க மாமா. பானை சுத்தமா இருந்திச்சி. நா பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். நோவு குளத்துத் தண்ணியாலதான் வந்திச்சான்னு நிச்சயமா சொல்ல முடியாது. அந்த வருஷம் சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் வாந்திபேதி இருந்திச்சி. ஆனா ஒங்க கையால வர்ல. அத நிச்சயமா சொல்ல முடியும்."

அவர் எழுந்து நாலடி போய்த் திரும்பி வந்தார். குரல் மாறியிருந்தது. "அப்ப ஏம்மா சொல்லல? சின்னப் புள்ள, பயந்துட்டே, சரி. பெரியவளாகி எத்தினி வருஷம் ஆச்சி? விழுப்புரம் இன்னா சீமையிலயா இருக்குது?"

"நீங்க பாண்டிச்சேரியில இருக்கீங்கன்னு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. "தப்புதான் மாமா. தைரியம் வர்ல."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வூட்ல ஒருத்தி இருக்கா. சண்டை வந்தா, புள்ளயக் கொன்ன கைதானேன்னு சொல்லுவா. அவகிட்ட வந்து சொல்லு."

அவள் போனாள். மண்டிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் வீடு. அவர் மனைவி அம்மணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து மல்லாட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் நின்றபடியே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கேட்கக் கேட்க அம்மணியின் கை நின்றது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. புருஷனும் அவளைப் பார்க்கவில்லை.

"இத எங்காதுல சொன்னாப் போதுமா?" என்றாள் அம்மணி. "இவர வெளிய தள்ளுனது ஊரு முன்னால. அன்னிலேர்ந்து கோவிலுக்கு உள்ள போறதில்ல இந்த மனுசன். பூசைக்கு வெளியவே நின்னுட்டு வந்துடுறாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமெ. ஜனங்க வெளிய வரும்போது சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன் அத்தே."

அன்று மாலை தான் தங்கவிருந்த கன்னியர் மடத்தில் சாமியாரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். இப்படிப்பட்ட நர்சு வேண்டாம் என்று அவர் சொன்னால் இரவு வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. சாமியாருக்கு முப்பது வயது இருக்கும். யோசித்துவிட்டு, "உங்களைவிட அந்தப் பானையை யாரும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இருங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். சாமியார் சற்று நிற்கச் சொன்னார். சவுரியம்மாள் கோவில் படியில் நின்றாள். கூட்டத்தின் கடைசியில் அம்மணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னக்கண்ணு மதில் ஓரத்தில் ஒதுங்கியிருந்தார். சவுரியம்மாள் குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். நீளமாகப் பேசவில்லை. "அந்தத் தண்ணிய எடுத்தது நான். கேட்டப்போ சொல்லாம நின்னதும் நான். அந்தப் பழியச் சின்னக்கண்ணு மாமா சுமந்தாரு" என்று முடித்தாள்.

அவள் பயந்தபடி யாரும் கூச்சல் போடவில்லை. பாதிப்பேருக்கு எந்த வருஷம், எந்தப் பிள்ளை என்பதே நினைவில்லை. சின்ன வயதுக்காரர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் யார், என்ன என்று விசாரித்தார்கள். ஓர் அம்மாள், "அடப் பாவமே, என் மவ கல்யாணத்துக்கு அந்த மனுசன வேணாம்னுட்டமே" என்று வாய்விட்டுச் சொன்னாள். உபதேசியார் அந்தோணிசாமி மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு மதில் பக்கம் நடந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள்.

"நாந்தான்யா பாசியக் காட்டுனேன்."

"காட்டுனீங்க. இருந்திச்சி, காட்டுனீங்க" என்றார் சின்னக்கண்ணு.

"ஒன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுக் காட்டியிருக்கணும்."

கிழவர் கை நீட்டினார். சின்னக்கண்ணு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே கோவிலுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காத, வா" என்று சவுரியம்மாளை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

முகாமுக்குச் சமைக்க வருகிறீரா என்று சாமியார் பிறகு கேட்டதற்குச் சின்னக்கண்ணு வரவில்லை என்றுதான் சொன்னார். எழுபது பேருக்கு உப்புப் போடும் கை மறந்துவிட்டதாம். மண்டியில் ஆள் குறைவாம். ஆனால் அடுப்பு போட்டிருக்கும் இடம் காற்றுக்கு எதிராக இருக்கிறது, அதை மாற்றி வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அம்மணி சோறு போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். சவுரியம்மாள் தட்டைப் பார்த்துத் தயங்கினாள்.

"சாப்புடு. ஒம்மேல எனக்குக் கோவம் தீர்ல, சொல்லிட்டேன். அது தீர நாளாவும். சோறு வேற."

"சரி அத்தே."

சின்னக்கண்ணு குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அனந்தபுரத்துக்காரி இருக்காளே, அந்தப் புள்ளையோட அம்மா. அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. முகாம் முடிஞ்சதும் போறேன்."

"தனியாப் போவாத. அது வேற மாதிரி எடம். அவ அழுவா, திட்டுவா. நானும் வர்றேன்."

அம்மணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பஸ் கெடைக்கறது பேஜாரு. விடியக்காலமே கெளம்புனாத்தான் உண்டு. நா கட்டுச்சோறு கட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியைச் சவுரியம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.